முதியோர் கூற்றுகளும் மலைச்சாலைகளும்: அமெரிக்கத் தேசியப் பூங்காப் பயணத் திட்டம் குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்காவில் 63 தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றின் பாறைகளைப் பற்றி ஆய்வு உண்டு, பறவைகளைப் பற்றி உண்டு, கரடியின் குளிர்காலத் தூக்கத்தைப் பற்றிக்கூட உண்டு. ஆனால் அந்தப் பூங்காக்களுக்குள் ஓடும் காரின் பின் சீட்டில், மடியில் சால்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரர் அவ்வப்போது உதிர்க்கும் வாக்கியங்களை எந்த அறிஞரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் பணி.

ஆய்வுக்களம் தமிழர்களுக்குப் பழக்கமானதுதான். பிள்ளையைப் பார்க்க டெக்சாஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ பெற்றோர் வந்திறங்குகிறார்கள். ஒரு மாதம் கழித்து, “வீட்டிலேயே எத்தனை நாள்தான் அடைந்து கிடப்பாங்க” என்று மகனுக்கோ மருமகளுக்கோ உறைக்கிறது. உடனே ஒரு எக்செல் தாள் பிறக்கிறது. ஒன்பது நாள், ஐந்து பூங்கா, தினமும் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. அந்தத் தாளில் மைல் கணக்கு இருக்கும், பெட்ரோல் கணக்கு இருக்கும், சூரியன் உதிக்கும் நிமிடம்கூட இருக்கும். யாருக்காகப் பயணமோ அவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு கட்டம் இருக்காது.

இக்கட்டுரையின் கருதுகோள் எளியது. பயணத்தில் பெரியவர்கள் சொல்லும் வாக்கியங்களைப் பிள்ளைகள் முணுமுணுப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவை உண்மையில் அளவீடுகள். கூற்று ஒவ்வொன்றையும் பூங்காவின் உயரம், தூரம், கடிகாரம், கட்டணம் ஆகியவற்றோடு ஒப்பிட்டுச் சோதிப்பதே முறை.

முதலில், எந்த மலைப்பகுதியில் இறக்கிவிட்டாலும் கிடைக்கும் அந்தப் புகழ்பெற்ற கூற்று: “நம்ம ஊட்டி மாதிரிதான் இருக்கு.”

இதைக் கேட்டதும் வண்டி ஓட்டும் மகனின் முகம் சுருங்கும். ஆயிரக்கணக்கான டாலர் செலவு செய்து, 1872இல் நிறுவப்பட்ட யெல்லோஸ்டோனுக்கு அழைத்து வந்தால் ஊட்டியா? அவசரப்படக் கூடாது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்று இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். உதகமண்டலத்தின் உயரமும் சுமார் 2,240 மீட்டர். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு ஏறத்தாழ 2,100 மீட்டர், அது கொடைக்கானல். அப்பா கையில் கருவி ஏதும் இல்லாமல், மூச்சையும் காதடைப்பையும் வைத்து இதைச் சொல்லிவிடுகிறார்.

இந்த அளவீட்டுக்குச் சமையலறைப் பயன் ஒன்று உண்டு. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்து வந்த எலெக்ட்ரிக் குக்கரில், வீட்டில் வைக்கும் அதே அளவு தண்ணீரை ஊற்றினால் அரிசி நடுவில் விறைப்பாகவே நிற்கும். ஊட்டியில் குடித்தனம் நடத்திய எந்த அம்மாவைக் கேட்டாலும், அங்கே பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பார். பூங்கா விடுதி அறைகளில் சமைக்க விடமாட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரை என்ற பழைய தீர்மானத்துக்கு இயற்பியலும் சட்டமும் ஒருங்கே துணை நிற்கின்றன.

ஊட்டி அளவுகோல் செல்லாத இடமும் உண்டு. கொலராடோவில் ராக்கி மவுண்டன் பூங்காவின் ட்ரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. அதாவது 3,713 மீட்டர். தொட்டபெட்டாவை விட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம். மரங்கள் வளராத உயரத்திலேயே அந்தச் சாலை 11 மைல் ஓடுகிறது. காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இங்கே பெரியவர்கள் ஊட்டியை மறந்துவிட்டு, “லேசா தலை சுத்துது” என்பார்கள். இதுவும் அளவீடுதான். எட்டாயிரம் அடிக்கு மேலே போகப்போக உயர நோய் யாரையும் பிடிக்கலாம். இதயக் கோளாறோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர்கள் ஊரில் டாக்டரைக் கேட்டுவிட்டே புறப்பட வேண்டும். முதல் நாளே உச்சிக்கு ஏற்றாமல் ஒரு ராத்திரி கீழே எஸ்டஸ் பார்க்கில் தங்கவைத்தால் எக்செல் தாள் ஒன்றும் குறைந்துபோகாது.

இரண்டாவது கூற்று கேள்வி வடிவிலானது. “பாத்ரூம் எங்கே வரும்?” ஒரு நாளில் அதிக முறை பதிவாகும் கூற்று இதுவே. பயணத் திட்டத்தில் இதற்குரிய முக்கியத்துவம் தரப்படுவதில்லை. ஜிபிஎஸ் இடத்தையும் நேரத்தையும் சொல்லும். காலையில் பிரஷருக்காக நீர் மாத்திரை போட்டுக்கொண்டவரின் நிலவரத்தைச் சொல்லாது.

இந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்துக் கட்டியதுபோல் ஒரு சாலை இருக்கிறது: வர்ஜீனியாவில் ஷெனண்டோவா பூங்காவின் ஸ்கைலைன் டிரைவ். 1931இல் வேலை தொடங்கி 1939இல் முடிந்த இந்த மலைமுகட்டுச் சாலையின் நீளம் 105 மைல், வேக வரம்பு 35 மைல். வடக்கே ஃப்ரன்ட் ராயலில் பூஜ்யத்தில் தொடங்கி மைல் கற்கள் நட்டிருக்கிறார்கள். 4.6ஆம் மைலில் டிக்கி ரிட்ஜ் மையம், 24இல் எல்க்வாலோ, 42க்குச் சற்று முன் ஸ்கைலாண்ட், 51இல் பிக் மெடோஸ். எங்கே நிறுத்தலாம் என்பதை அப்பாவே மைல் கல்லைப் பார்த்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மகனிடம் நான்கு முறை கேட்க வேண்டிய சங்கடம் இல்லை. வழியில் எழுபதுக்குக் கொஞ்சம் குறைவான இடங்களில் காரை ஓரங்கட்டி, சீட்டை விட்டு இறங்காமலேயே பள்ளத்தாக்கைப் பார்க்கலாம். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது கிழக்குக் கரைத் தமிழ்க் குடும்பங்கள் இங்கே திரள்வதற்கு இலைகள் மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பது இக்கட்டுரையின் ஊகம். குளிர்காலத்தில் இந்த நிறுத்தங்களில் பல மூடிக் கிடக்கும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேற்குப் பூங்காக்களில் நிலைமை வேறு. தொலைவான காட்சி முனைகளில் இருப்பவை பெரும்பாலும் தண்ணீரே இல்லாத குழிக் கழிப்பறைகள். நம் பெரியவர்கள் கைப்பையில் ஒரு காலி பாட்டில் வைத்திருப்பதைப் பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்தப் பாட்டில் பூங்கா நிர்வாகத்தின் உள்கட்டமைப்பை நேரில் கண்டறிந்தபின் எடுக்கப்பட்ட முடிவு. பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் தவறான முடிவு. உயரமும் வறண்ட காற்றும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றுவது வெளியே தெரியாது. இதில் மட்டும் பெரியவர்கள் பக்கம் இக்கட்டுரை நிற்க இயலாது.

மூன்றாவது கூற்றுதான் இந்த ஆய்வின் மையம்: “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்.”

பிள்ளைகள் இதைக் கேட்டுக் குற்ற உணர்ச்சி அடைகிறார்கள், அல்லது எரிச்சலடைகிறார்கள். இரண்டும் தேவையில்லை. அமெரிக்கப் பூங்காக்களைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு விவாதத்தில் அப்பா தன் கட்சியை அறிவிக்கிறார், அவ்வளவுதான்.

விவாதம் இதுதான்: பூங்காவை நடந்து பார்க்க வேண்டுமா, உட்கார்ந்து பார்க்கலாமா? 1912இல் பிரிட்டிஷ் தூதர் ஜேம்ஸ் பிரைஸ், யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் காரை விடக் கூடாது என்று எச்சரித்தார். மறு ஆண்டே விட்டுவிட்டார்கள். 1915 ஆகஸ்டில் யெல்லோஸ்டோனும் திறந்துவிட்டது. 1916இல் உருவான தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநரான ஸ்டீபன் மாதர், போராக்ஸ் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். சரக்கை வைத்துக்கொண்டு கடைக்கு வழி போடாமல் இருக்கக் கூடாது என்பது வியாபாரிக்குத் தெரியும். சாலைகள் போட்டார்கள். சாலை எங்கே வளைய வேண்டும், எந்த வளைவில் மலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், எங்கே கார் ஒதுங்க இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் நிலக்காட்சி வடிவமைப்பாளர்கள் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். 1956 முதல் பத்தாண்டுகள் ‘மிஷன் 66’ என்ற திட்டத்தில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து, பார்வையாளர் மையங்களும் சாலைகளும் வாகன நிறுத்தங்களும் கட்டினார்கள். கார் கண்ணாடி வழியாகப் பார்ப்பவரைக் கருதியே பூங்காவின் பெரும்பகுதி அமைந்திருக்கிறது. அதை அப்பா பயன்படுத்திக்கொள்கிறார்.

எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் ஆபி. ஆர்ச்சஸ் பூங்காவில் ரேஞ்சராக வேலை பார்த்தவர். 1968இல் வெளிவந்த ‘டெசர்ட் சாலிடெர்’ நூலில், கார்களை வெளியே நிறுத்திவிட்டு நடந்தோ சைக்கிளிலோ குதிரையிலோ உள்ளே போகட்டும் என்று வாதாடினார். நல்ல உரைநடை; முழங்காலைப் பற்றிய அனுபவம் குறைவு. நூல் வந்த ஆண்டில் அவருக்கு வயது 41 ஆனது. பூங்காக் கட்டணத்தில் மூத்தோர் சலுகைக்குத் தகுதி தரும் 62ஆம் வயதில், 1989இல் அவர் காலமாகிவிட்டதால், அடுத்த பதிப்பில் கருத்தை மாற்றியிருப்பாரா என்று அறிய வழியில்லை.

உட்கார்ந்து பார்ப்பதில் தரம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘இங்கேயே’ என்பது எந்த இடம் என்பதில்தான் திட்டமிடுபவரின் திறமை தெரியும். வாகன நிறுத்தத்தில் வெயிலில் கொதிக்கும் கார் ஒரு ‘இங்கே’. கிராண்ட் கேன்யன் விளிம்பில் 1928இல் கட்டிய யாவாபாய் புவியியல் அருங்காட்சியகத்தின் பெரிய கண்ணாடி ஜன்னல் மற்றொரு ‘இங்கே’. பாறை அடுக்குகள் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் எதுவென்று புவியியலாளர்கள் தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முனை அது. பிள்ளைகள் பிரைட் ஏஞ்சல் பாதையில் வேர்க்க விறுவிறுக்க இறங்கி, அதைவிட வேர்த்து ஏறி வரும் நேரத்தில், பெரியவர்கள் நிழலில் நின்று மொத்தத்தையும் பார்த்து முடித்திருப்பார்கள்.

அங்கிருந்தே ‘காலப் பாதை’ தொடங்குகிறது. 2010இல் திறந்தது. தளம் போட்ட, சமமான பாதை. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு. அந்தக் கணக்கில் எழுபது வயது என்பது 0.07 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் தடிமன். அப்பா ஒரு எட்டு எடுத்து வைத்தாலே தன் வம்சம் முழுவதையும் தாண்டிவிடுகிறார். இதற்கு மேல் நடக்கச் சொல்வது நியாயமில்லை. இருந்தாலும் முடிந்தவர்கள் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நடந்தால் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் பாறையின் வயதை எட்டலாம். அந்தப் பாறைக்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர்.

ஆம், விஷ்ணுதான். 1880களில் இங்கே ஆய்வு செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர், பள்ளத்தாக்கின் நடுவே கோபுரம் போல் நிற்கும் குன்றுகளுக்குக் கீழைத் தேயத்துத் தெய்வங்களின் பெயரைச் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள் மூன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது திட்டமிடுபவருக்கு நல்லது. “மும்மூர்த்தி தரிசனம்” என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் ஒன்பது மணி நேரக் கார் பயணத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கிராண்ட் கேன்யனின் ஹெர்மிட் சாலை மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் கார்களுக்கு மூடப்பட்டிருக்கும், ஷட்டில் பஸ்தான். பஸ் படி ஏற முடியாதவர்களுக்குப் பூங்காவே தனி அனுமதிச் சீட்டு தருகிறது. அதைக் கார் கண்ணாடியில் வைத்துக்கொண்டு மற்றவர் போக முடியாத சாலையில் சொந்தக் காரில் போகலாம். பார்வையாளர் மையத்தில் கேட்டால் கிடைக்கும். கேட்பதற்கு அப்பா கூச்சப்படுவார். மகன்தான் கேட்க வேண்டும்.

“இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்பது நான்காவது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் முன்னால் இது அதிகம் கேட்கும். சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும் ஊற்று, ஒன்றரை முதல் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். திருப்பதி வரிசையில் நின்று பழகியவர்களுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும் காணும் நேரத்துக்கும் உள்ள விகிதம் புதிதல்ல. அதனால் அவர்களே முதலில் சமாதானமும் ஆகிறார்கள். சுற்றிலும் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அடுத்த பீறிடல் எப்போது என்று பத்து நிமிடம் முன்பின்னாக ரேஞ்சர்கள் அறிவிக்கிறார்கள். திட்டத்தில் ஒரு பிற்பகல் முழுவதையும் இதற்கு விட்டுவிடலாம். யெல்லோஸ்டோனின் எட்டு வடிவச் சுற்றுச் சாலை 142 மைல். அதை ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போட்டவரை, நடுச்சாலையில் நின்று அசைபோடும் காட்டெருமைக் கூட்டம் திருத்திவிடும். காட்டெருமையிடமிருந்து 25 கெஜம் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விதியைக் கடைப்பிடிப்பது சுலபம்.

“ஊறுகாய் பாட்டிலை உள்ளே எடுத்து வை” என்ற கூற்றைச் சுருக்கமாகவே பார்த்துவிடலாம். இதை அம்மா எறும்பு வரும் என்று சொல்கிறார். யோசெமிட்டியில் சட்டமே அப்படித்தான் இருக்கிறது, காரணம் மட்டும் எறும்பைவிடப் பெரியது. இரவில் காருக்குள் சாப்பாடு வைக்கக் கூடாது. கரடி கதவைப் பெயர்த்துவிடும். பற்பசை உட்பட வாசனை உள்ள எல்லாமே இதில் சேர்த்தி. ஆகவே மாவடு, தக்காளித் தொக்கு, அமிர்தாஞ்சன் ஆகிய மூன்றும் காரை விட்டு இறங்கியாக வேண்டும்.

“மாத்திரை நேரம் ஆச்சா?” என்ற கேள்விக்கு அரிசோனாவில் விடை சொல்வது எளிதல்ல. கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறது, அரிசோனா தள்ளுவதில்லை. அந்த மாநிலத்துக்குள் இருக்கும் நவாஹோ பழங்குடி நிலம் தள்ளுகிறது. நவாஹோ நிலத்தின் நடுவே இருக்கும் ஹோப்பி நிலம் மறுபடி தள்ளுவதில்லை. சையன் பூங்காவிலிருந்து புறப்பட்டு, பேஜ் ஊரைத் தாண்டி, மான்யுமென்ட் வேலி போய், கேமரன் வழியாகக் கிராண்ட் கேன்யன் வந்து சேர்வதற்குள் மகனின் செல்போன் முன்னும் பின்னுமாக நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். சர்க்கரை மாத்திரையை எந்த ஒன்பது மணிக்குப் போடுவது?

இந்த இடத்தில் அப்பாவின் எச்எம்டி கைக்கடிகாரத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அமெரிக்கா வந்தும் அவர் அதை இந்திய நேரத்திலிருந்து மாற்றவில்லை. ஊருக்குப் போன் போட வசதி என்பது அவர் சொல்லும் காரணம். இந்தியாவுக்கும் அரிசோனாவுக்கும் ஆண்டு முழுவதும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். கோடையில் நவாஹோ நிலத்துக்கு அது பதினொன்றரை. அரிசோனாவில் காலை எட்டு மணி என்றால் நவாஹோவில் ஒன்பது. அப்பாவின் முள் கடிகாரம் எட்டரை காட்டும். இரண்டு நேரங்களுக்கும் சரியான நடு. எந்தப் பக்கம் போனாலும் அரை மணிக்கு மேல் பிசகாத ஒரே கடிகாரம் அந்தக் காரில் அவர் மணிக்கட்டில்தான் இருக்கிறது. செல்போன் வைத்திருப்பவர்கள் இதைச் செரித்துக்கொள்ளச் சற்று நேரமாகும்.

அடுத்தது, வாயிலில் தவறாமல் எழும் கேள்வி: “டிக்கெட் எவ்வளவு?” சொன்னால் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மனம் ஒடிந்துபோவார் என்று பிள்ளைகள் மழுப்புவார்கள். மழுப்பக் கூடாத கேள்வி இது. 62 வயது ஆன அமெரிக்கக் குடிமகனுக்கும் கிரீன் கார்டு உள்ளவருக்கும் 80 டாலரில் ஆயுள் முழுவதும் செல்லும் மூத்தோர் பாஸ் உண்டு. 2017 ஆகஸ்ட் 27 வரை அதன் விலை வெறும் 10 டாலர். விலை ஏறப்போகிறது என்று தெரிந்ததும் அந்தக் கோடையில் முதியவர்கள் முண்டியடித்து வாங்கினார்கள். ஒரேயடியாக 80 கொடுக்க மனம் வராதவர்களுக்கு 20 டாலர் ஆண்டுப் பாஸ். நான்கு சேர்ந்ததும் ஆயுள் பாஸாக மாற்றிக்கொள்ளலாம். சீட்டுப் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு விளங்க ஒரு நிமிடம் ஆகாது. காருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் பூங்காவில் அந்த ஒரு பாஸில் கார் முழுவதும் உள்ளே போகலாம். நிபந்தனை, பாஸ்காரர் போட்டோ அடையாள அட்டையோடு காரில் இருக்க வேண்டும். “காலைல சீக்கிரம் எழுப்ப வேண்டாம், தாத்தா ஹோட்டல்லயே தூங்கட்டும்” என்று சூரியோதயம் பார்க்கப் புறப்பட்ட குடும்பம், வாயிலில் 35 டாலர் கட்ட வேண்டிவரும்.

விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்கு இந்தச் சலுகை கிடையாது. 2026 ஜனவரி முதல் யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி உள்ளிட்ட 11 பூங்காக்களில், ஆண்டுப் பாஸ் இல்லாத, 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 டாலர். இதைப் பெருக்கிப் பார்த்தபின் அப்பா, “ஐந்து பூங்கா எதுக்கு, ரெண்டு போதும்” என்பார். மேலே கண்ட உயரம், மாத்திரை, முழங்கால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் விடை அதே இரண்டுதான். திட்டத்தை அங்கேயே திருத்திவிடலாம்.

தீர்க்காமல் மிச்சமிருப்பது முன் சீட்டில் யார் உட்காருவது என்ற பிரச்சினை. மொன்டானாவில் கிளேஷியர் பூங்காவின் ‘கோயிங் டு த சன்’ சாலையில் இது முற்றும். 1933இல் திறந்த ஐம்பது மைல் சாலை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதல பாதாளம். 21 அடிக்கு மேல் நீளமான வண்டியை நடுப்பகுதியில் விடுவதில்லை. மேற்கிலிருந்து கிழக்கே ஏறினால் முன் சீட்டில் இருப்பவர் பள்ளத்தின் ஓரம். தைரியசாலியான அப்பாவை உட்காரவைக்கலாம். கிழக்கிலிருந்து மேற்கே வந்தால் பாறை ஓரம். உயரத்துக்குப் பயப்படும் அம்மாவுக்கு அது தோது. ஆனால் அந்தப் பக்கத்தில்தான் ‘அழும் சுவர்’ இருக்கிறது. கோடைத் தொடக்கத்தில் பனி உருகிய தண்ணீர் பாறையிலிருந்து சாலையோரத்தில் அப்படியே கொட்டும். வழியில் வாந்தி வருகிறது என்று ஜன்னலை இறக்கி வைத்திருப்பாரேயானால், அந்த இடம் வருமுன் ஏற்றிவிடச் சொல்லி நினைவூட்ட வேண்டிய பொறுப்பு பின் சீட்டில் இருப்பவருடையது.